வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைத்தண்ணீர்: குழி தோண்டும் முன் வாட்டம் பாருங்கள்

மழை விட்டு ஆறு நாளாகியும் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். துணி காயப்போட வேண்டுமென்றால் வரிசையாகச் செங்கல் அடுக்கி, ஒவ்வொன்றாகத் தாவிப் போவோம். சென்னையின் தெற்கே, மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே, ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் போட்ட மனை. வயல் என்றாலே தண்ணீரை நிறுத்தி வைக்கப் பழக்கிய மண்தானே? வருஷா வருஷம் சேற்றுழவு ஓட்டி ஓட்டி, ஒரு ஜாணுக்குக் கீழே மண் தட்டுப்போல இறுகிக் கிடக்கும். மனை போட்டவர் அதன் மேல் செம்மண்ணைப் பரப்பி, அழகாகக் கல் நட்டு விற்றுவிட்டார்.

2010இல் குடிவந்தோம். மூன்று தடவை காசைக் கொட்டி, மூன்று தடவையும் தப்பாகச் செய்தேன். நாலாவது தடவை, 2019இல், ஒரு வயதான மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இதுக்கு லோடு அடிச்சுப் பிரயோஜனம் இல்லை. வாட்டம் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. வாட்டம் என்றால் தண்ணீர் ஓடிப்போவதற்கான சரிவு. அதிலிருந்து கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஊரே மிதக்கிற அந்த மாதிரி நாளுக்கு நம் வீட்டுக்குள் செய்யும் எந்த வேலையும் உதவாது. நான் பேசுவது ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமாகப் பெய்கிற ஐந்து, பத்து சென்டிமீட்டர் மழை. தெருவில் வடிந்துவிட்டது, பக்கத்து வீட்டில் வடிந்துவிட்டது, நம் வீட்டில் மட்டும் நிற்கிறது என்றால் அதைச் சரிசெய்ய முடியும்.

நான் செய்த மூன்று தப்பு

முதல் தப்பு, கிராவல். பள்ளமாக இருக்கிறது, மேடாக்கினால் சரியாகிவிடும் என்று ஐந்து லோடு கொட்டினேன். பின்பக்கம் அரை அடி உயர்ந்தது. தண்ணீர் அங்கே நிற்கவில்லை, நகர்ந்து வந்து வீட்டுச் சுவரோரம் நின்றது. அடுத்த தை மாதத்துக்குள் பின் அறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்பு பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது.

இரண்டாவது, உறிஞ்சு குழி. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சித்திரை வெயிலில் மூன்றடி அகலம், ஆறடி ஆழம் தோண்டி, செங்கல் ஜல்லி நிரப்பி, சோதித்துப் பார்க்க ஹோஸ் பைப்பை உள்ளே விட்டோம். மடமடவென்று குடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கார்த்திகையில் மூடியைத் திறந்தால், தரைக்கு ஒரு ஜாண் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கிறது. குழி உறிஞ்சவில்லை, கிணறாகிவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் பல இடங்களில் இதே கதைதான். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அவ்வளவு மேலே வந்துவிடும். நிரம்பிய குடத்தில் இன்னொரு செம்பு எப்படி ஊற்றுவது? மண் பொலபொலப்பாக, தண்ணீர் மட்டம் ஆழமாக உள்ள இடங்களில் உறிஞ்சு குழி அருமையான வழி. பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணல்பாங்கில் இருப்பவர்கள் நான் சொல்வதைக் கேட்டு அதை மூடிவிட வேண்டாம்.

மூன்றாவது, சுற்றிலும் சிமென்ட் தளம். அதில் வாட்டம் காம்பவுண்டு பக்கம் போய், தண்ணீர் மொத்தமும் பக்கத்து வீட்டு அக்காவின் துளசி மாடத்தைச் சுற்றி நின்றது. ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

குடையோடு வெளியே வாருங்கள்

தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வேலையாளுக்குக் காட்ட உதவும். மொட்டைமாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது, தெருத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் நுழைகிறதா, பக்கத்து மனையிலிருந்து சுவர் ஓட்டை வழியாக வருகிறதா, எல்லாவற்றையும் பாருங்கள். மழை விட்டதும் தேங்கிய தண்ணீரின் கரையோரம் குச்சி நட்டு வையுங்கள். மறுநாள், அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு வரிசை. இரண்டு நாளில் வற்றினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் நின்றால் வேலை இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாகிவிடும்.

எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது இது: பின்பக்கத்தில் நின்ற தண்ணீரில் பெரும்பங்கு பின்பக்கத்தில் பெய்த மழையே இல்லை. மாடித் தண்ணீர். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 1,100 சதுர அடி, அதாவது சுமார் 102 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்கு 10,000 லிட்டருக்கு மேல். ஒரு தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து கொல்லையில் திறந்துவிட்ட மாதிரி. அதைத்தான் இரண்டு குழாய்கள் இத்தனை வருஷமாகச் சுவரோரம் கொட்டிக்கொண்டிருந்தன.

டியூப் லெவல்

வாட்டம் என்பது கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை. எனக்கு எங்கள் கொல்லை தெருப்பக்கம் சரிவதாகத்தான் தெரிந்தது. உண்மையில் நேர்மாறு. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், வீட்டு நீளத்துக்கு 50 அடி. தண்ணீர் நிரப்பும்போது நடுவில் காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது. நின்றால் அளவு முழுக்கப் பொய்யாகிவிடும். இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பின்சுவரில் ஓர் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டியூபின் ஒரு முனை எப்போதும் அந்தக் கோட்டில். மறுமுனையை ஒருவர் ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய், நேராக நிறுத்திய கம்பில் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் குறிக்க வேண்டும். அங்கிருந்து தரைவரை டேப்பால் அளந்து எழுதுங்கள். எண் பெரிதாக இருந்தால் அந்த இடம் பள்ளம். எங்களுக்கு வந்தது: பின்சுவரோரம் 30 அங்குலம், வடகிழக்கு மூலை 35, கேட்டுக்கு உள்பக்கம் 31½, தெரு 28. அதாவது தெருவே நம் கொல்லையைவிட மேடு. வீடு கட்டும்போது அப்படி இல்லை. அதன் பிறகு இரண்டு தடவை பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுவிட்டுப் போனார்கள். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டால் பதில் வராது.

ஆனால் மேஸ்திரி அளந்த ஐந்தாவது எண்தான் முக்கியம். தெருவோர மழைநீர் வடிகாலின் மூடியைத் தூக்கி, அடித்தளத்தை அளந்தார்: 58. பின் மூலையைவிட 23 அங்குலம் கீழே! தரை வழியாகத்தான் போக வழியில்லை. தரைக்குக் கீழே தாராளமாக இருக்கிறது. தண்ணீருக்குப் போக்கிடம் இருக்கிறதா என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும். அது தெரியாமல் ஒரு பாண்டு மண்ணைக்கூட அள்ள வேண்டாம்.

மண்ணையும் கேட்டுவிடுங்கள்

ஓரடி ஆழத்தில் சின்னக் குழி தோண்டி, சாயங்காலம் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் திரும்ப நிரப்பி, அளவு குறித்த குச்சியை நட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் குடிக்கிறது. அரை அங்குலத்துக்கும் கீழே என்றால் அந்த மண்ணை நம்பி உறிஞ்சு குழி தோண்டக் கூடாது. இதையே மழைக்காலத்தில் இன்னொரு தடவை செய்யுங்கள், நான் செய்யாமல் விட்டது இதைத்தான். இரண்டடி தோண்டி, தண்ணீரே ஊற்றாமல் விட்டுவிடுங்கள். மறுநாள் காலை குழியில் தானாகத் தண்ணீர் ஊறியிருந்தால் உறிஞ்சு குழி என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

களிமண்ணில் மணலைக் கலந்தால் பொலபொலப்பாகும் என்று சொல்வார்கள். கொஞ்சமாகக் கலந்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். மண் திறக்க வேண்டுமென்றால் தொழுவுரம், மக்கிய இலை, வருஷா வருஷம். அதுவும் செடிப் பாத்திக்குத்தான்; தேங்கும் தண்ணீருக்கு மருந்து இல்லை.

வேலை: எது முதலில்

மாடித் தண்ணீர் முதலில். சுவரோரம் கொட்டிய இரண்டு குழாயையும் நாலு அங்குல பிவிசி குழாயோடு சேர்த்து, மூடிய குழாயாகவே கொண்டுபோனோம். நேராகத் தெருவுக்கு அல்ல. தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், தவிர மே மாதம் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறவளுக்கு அதைச் சட்டம் போட்டுச் சொல்லவும் வேண்டாம். முதல் மழை அழுக்கை வெளியே விட ஒரு வால்வு, அப்புறம் கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி, அங்கிருந்து சம்பு, அதாவது தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. சம்பு நிரம்பினால் மிச்சம் தெரு வடிகாலுக்கு. இதை மட்டும் செய்து முடித்த பிறகு வந்த முதல் மழையிலேயே பின்பக்கத் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்தது. சிலருக்கு இதோடே வேலை முடிந்துவிடும்.

சம்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. அடைமழை நேரத்தில் கழுவுகிறேன் என்று சம்பைக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது காலித் தொட்டியைக் கீழேயிருந்து தூக்கும். விரிசல் விடலாம், படகுபோல எழும்பியே வரலாம். செப்டிக் டேங்குக்கும் இதேதான்.

இரண்டாவது, சுவரோர மண். வீட்டிலிருந்து விலக விலகத் தரை தாழ வேண்டும். மண் தரையென்றால் முதல் பத்தடிக்கு ஆறு அங்குலம் இறங்கினால் நல்லது. எங்கள் பின்பக்கம் பதினாறு அடிதான், அதில் கிடைத்ததை வைத்துக்கொண்டோம். சிமென்ட் தளமென்றால் பத்தடிக்கு இரண்டு அங்குலம் போதும். நான் கொட்டிய கிராவலில் பாதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கொட்ட ஆன செலவைவிட எடுக்க ஆன செலவு அதிகம். வீட்டுத் தளத்தைத் தாங்கும் பேஸ்மென்ட் சுவர் குறைந்தது அரை அடியாவது வெளியே தெரிய வேண்டும். அதை மூடி மண் ஏறினால் ஈரம் சுவருக்குள் ஏறும், கறையானும் ஏறும். சுவரோரம் போடுவது களிப்பான மண்ணாக இருக்கட்டும், ஜாண் ஜாணாகப் போட்டுத் திம்சுக் கட்டையால் அடித்து இறுக்குங்கள். சிலர் அங்கே மணல் கொட்டுகிறார்கள். அஸ்திவாரத்துக்கு அருகில் தண்ணீர் இறங்க நாமே வழி வெட்டிக் கொடுப்பது அது.

மூன்றாவது, வாய்க்கால். காம்பவுண்டிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், நாலு அங்குல ஆழத்தில், தாம்பாளம் போல அகலமாகக் குழிந்த வாய்க்கால். ஓரம் செங்குத்தாக வெட்டினால் இரண்டு மழையில் சரிந்துவிடும். வாட்டம் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். அதில் அறுகம்புல் விட்டிருக்கிறேன். பார்த்தால் வாய்க்கால் என்றே தெரியாது, பேரன் அதில்தான் பந்து உருட்டுகிறான்.

இந்த வாய்க்கால் போய்ச் சேர்வது வடகிழக்கு மூலைக்கு. அங்கேதான் நாலாவது வேலை, ஜல்லிக் குழாய்.

மூலையில் பதினைந்து அடி நீளத்துக்கு ஓரடி அகலத்தில் பள்ளம் எடுத்தோம். தோண்டும் முன் கழிவுநீர்க் குழாய், போர் லைன், இபி கேபிள் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடப்பாரை கேட்டுவிட்டு இறங்காது. பள்ளத்தில் முதலில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை இரண்டு பக்கமும் மடிந்து வெளியே தொங்குகிற மாதிரி விரித்தோம். அதன் மேல் இரண்டு அங்குலம் கழுவிய முக்கால் அங்குல ஜல்லி, அதன் மேல் ஓட்டை போட்ட நாலு அங்குலக் குழாய், திரும்ப ஜல்லி, பிறகு தொங்கும் துணியைப் போர்வைபோல மேலே மடித்து மூடினோம். அந்த மூடலுக்கு மேலேயும் மண் போடவில்லை, தரைவரை ஜல்லிதான். களிமண்ணைப் போட்டு மூடினால் மேல் தண்ணீர் எப்படி உள்ளே இறங்கும்?

குழாயின் ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். இதற்கு எங்கள் கொத்தனாரே சண்டைக்கு வந்தார், மேலே இருந்தால்தானே தண்ணீர் விழும் என்று. பள்ளத்தில் இறங்கும் தண்ணீர் அடியிலிருந்துதான் நிரம்பி ஏறும். ஓட்டை கீழே இருந்தால் ஏறத் தொடங்கியதுமே குழாய்க்குள் போய்விடும். மேலே இருந்தால் நாலு அங்குலம் தேங்கிய பிறகுதான் போகும், போகும்போது சேற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். துணியில் சிக்கனம் வேண்டாம். பணம் மிச்சம் என்று முதலில் சிமென்ட் சாக்கைப் பிரித்துப் போட்டேன்; ஒரே மழையில் சேறு அப்பி அடைத்து, எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பப் போட்டோம்.

மூலையில் குழாயின் அடி ஒன்றேகால் அடி ஆழம். அதாவது மூலையின் 35ஓடு 15 அங்குலம் சேர்த்து, எங்கள் கணக்கில் 50. அங்கிருந்து தெரு வடிகாலுக்கு 45 அடி. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வீதம் ஐந்தரை அங்குலம் இறங்கி, 55½இல் போய்ச் சேர்கிறது. வடிகாலின் அடிக்கு இரண்டரை அங்குலம் மேலே. ஓட்டைக் குழாய் மூலையோடு சரி. வீட்டுப் பக்கச் சந்து வழியாகப் போகும் மீதிக் குழாய் ஓட்டை இல்லாதது, ஏனென்றால் அது அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் போகிறது. மாடிக் குழாயை இதோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் மாடித் தண்ணீர் ஓட்டை வழியாகக் கொல்லைக்கே திரும்பி வரும். இரண்டும் தனித்தனியாகப் போகட்டும். ஜல்லிக் குழாய் முடியும் இடத்தில் மூடி வைத்த ஒரு சின்னச் சேம்பர் கட்டுங்கள், சேறு அங்கே படியும்.

தெரு வடிகாலில் இணைக்க உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மழைத்தண்ணீர் மட்டும்தான் அதில் விடலாம். குளியலறைத் தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. முனையில் நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம். வடிகால் நிரம்பி ஓடும் நேரத்தில் அது இல்லையென்றால் தெருத் தண்ணீர் மொத்தமும் நம் குழாய் வழியாகக் கொல்லைக்கு வந்துவிடும். வால்வு மூடியிருக்கும் அந்தச் சில மணி நேரம் நம் தண்ணீரும் நிற்கும்தான். வடிகாலில் மட்டம் இறங்கியதும் தானாகத் திறக்கும்.

உங்கள் வடிகாலின் அடி கொல்லையைவிட மேலே இருந்தால், அல்லது வடிகாலே இல்லையென்றால், பம்ப் ஒன்றுதான் வழி. பள்ளமான மூலையில் மூன்றடி சிமென்ட் உறை இரண்டு இறக்கி, மிதவை சுவிட்ச் வைத்த அரை எச்பி கழிவுநீர் பம்ப். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் அதற்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். ஈரத்தில் நின்றுகொண்டு தொடுகிற சாமான் அது. மழை பலமாகும் நேரத்தில்தான் கரண்டும் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செடி, காலம், செலவு

மூலைப் பக்கம் இருந்த பப்பாளியும் முருங்கையும் வேர் அழுகிச் செத்தன. இரண்டுக்கும் தேங்கும் தண்ணீர் ஆகாது. இப்போது அங்கே கல்வாழை, சேம்பு, ஓரத்தில் வெட்டிவேர். மூன்றும் ஈரத்தில் சந்தோஷமாக இருக்கின்றன.

மண் வேலையைச் சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள். ஆடி, ஆவணியில் வருகிற சாயங்கால மழையில் புது மண் அமுங்கும். எங்கே அமுங்கியது என்று பார்த்து, புரட்டாசியில் இன்னொரு சுற்று மண் போட்டு வாட்டத்தைச் சரிசெய்யலாம். ஐப்பசியில் மேஸ்திரி கிடைக்கவும் மாட்டார். எனக்கு 2019இல் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, கிராவல் வெட்டி எடுத்த கூலி உட்பட. முன்பு செய்த மூன்று தப்பும் சேர்ந்து அதைப்போல இரண்டு மடங்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கொல்லையும் மூழ்கியது, தெருவோடு சேர்ந்துதான். தெருவில் தண்ணீர் இறங்கிய மறுநாள் கொல்லையும் வற்றிவிட்டது. இப்போது என் வேலை வருஷத்துக்கு ஒரு நாள்: புரட்டாசியில் சேம்பரைத் திறந்து சேற்றை அள்ளுவது, வால்வில் சிக்கிய பிளாஸ்டிக் பையை எடுப்பது, மாடிக் குழாய் வாயில் அடைத்த வேப்பிலையைக் கூட்டுவது. போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா அதே டியூபை இரவல் வாங்கிப்போனார். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.